செரிக்காத சீனியும் மூன்று கோடுகளும்

பார்மசிக்கு வருகிறவர்கள் வணக்கம் சொல்வதில்லை, நேராக வயிற்றிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். என்னைப் போல் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு இது புதிதல்ல.

இனிக்கிற மருந்து

பண்டமாரானிலிருந்து வரும் அங்கிள் ஒருவருக்கு மலச்சிக்கல். டாக்டர் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்திருந்தார். கடையிலேயே ஒரு மூடி குடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இனிப்பு நீரு இருக்கு, பாகைக் குடுக்கிறீங்களே" என்று போத்தலைத் தள்ளிவிட்டார்.

இந்தச் சீனி நமக்குச் செரிக்காது, ரத்தத்தில் ஏறுவதும் மிகக் கொஞ்சம் என்றேன். நேராகப் பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் கிருமிகள் அதைத் தின்னும், தண்ணீர் சேரும், மலம் இளகும். முதல் சில நாள் வாயுத் தொல்லையும் உண்டு. பொறுமையாகக் கேட்டவர் கேட்டார்: "வாயி என்னுது, பசியாறுறது அதுங்களா பாஸ்?"

வேலை நாளில் லீவு

காப்பாரிலிருந்து வரும் மணியம் அண்ணனுக்கும் அதே சிரப்தான், ஆனால் காரணம் வேறு. அவருக்கு ஈரல் கெட்டுவிட்டது. ஈரல் சுத்தம் செய்யாமல் விடும் கழிவு மூளைக்கு ஏறிப் புத்தியைக் குழப்பும். இந்தச் சிரப் அதைக் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பும். தினம் இரண்டு மூன்று தடவை போயே ஆக வேண்டும்.

அண்ணனுக்குக் கிள்ளானில் ஒரு கோண்டோ அடுக்குமாடியில் ஜாகா, அதாவது காவல்காரர் வேலை. வாசலில் அவர் ஒருவர்தான், கழிவறையோ கட்டடத்துக்குப் பின்பக்கம். அவர் எழுந்து போனால் தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்று ஹார்ன் அடிக்கும். போன மாதத்துப் போத்தல் ஏன் இன்னும் தீரவில்லை என்று கேட்டேன். பதிலைக் கேட்டதும், அப்படிச் செய்யக் கூடாது, தினமும் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன். அன்றே அவர் மனைவிக்குப் போன் செய்திருக்க வேண்டும். அது இன்னும் உறுத்துகிறது. அண்ணன் சொன்ன அந்தப் பதில் இதுதான்: "வேலை நாள்ல லீவு வுட்டுட்டு, ஞாயித்துக்கிழமை சேத்துக் குடிச்சிடுவேன் லா."

காலண்டர்

இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி சரோஜா அக்கா மட்டும் வந்தார். அண்ணன் பகலெல்லாம் தூங்கியிருக்கிறார். கம்பத்தைத் தூக்கிவிட்டு இறக்க மறந்து, வந்த காரையெல்லாம் உள்ளே விட்டிருக்கிறார். கடைசியில், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அக்காவைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கும் முக்கியமாகக் கொடுத்தது இதே சிரப்தான். சில நாளில் தெளிந்துவிட்டார்.

இப்போது அவருக்கு லாபியில் வேலை, கழிவறை பக்கத்திலேயே. மாதா மாதம் சிரப் வாங்க வரும் அக்கா, வீட்டுக் காலண்டரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார். அண்ணன் ஒவ்வொரு முறை போய்வந்ததற்கும் அதில் ஒரு கோடு. கல்யாண நாளுக்குக்கூட இவ்வளவு கவனமாகக் குறித்திருக்க மாட்டீர்களே என்று கிண்டல் செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. "மூணு கோடு விழுந்தா, அன்னிக்கு அவருக்கு என் பேரு தெரியும் தம்பி."

இத்தனை வருஷம் இந்தக் கவுண்டரில் நின்றதில், மனிதர்கள் நலமாக இருக்கும் செய்தி எனக்குக் கழிவறை வழியாகத்தான் வந்து சேர்கிறது.