தண்ணீர் உள்ள வீடு

வேடசந்தூர்ப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே தேங்காயைப் பார்ப்பார்கள். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். அது எழுந்து நின்றால் கீழே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். மழை எட்டிப் பார்க்காத ஊரில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீருக்குத்தான் மரியாதை. வானத்துத் தண்ணீரை யார் நினைத்தார்கள்?

ஓடையோரத்து ஓட்டு வீட்டின் கொல்லையில் எங்களுக்குத் தேங்காய் விறைத்து நின்றது. நான் கைதட்டினேன். விற்றவரின் மனைவி மோர் கொடுத்தாள். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஏங்க, பள்ளமாக் கெடக்கே. மேட்டுப் பக்கமாப் பாப்பமே" என்றாள் அம்மா.

"மேட்டுல போயி பாறையவா குடிப்ப?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

போர் போட்டதும் தண்ணீர் பீறிட்டது. கொஞ்ச காலம் அப்பா மில் பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஏறினார். பிறகு ஓர் ஐப்பசியில் மலைப்பக்கம் கொட்டித் தீர்த்தது. ஓடை தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. அம்மா வளர்த்த ஆடுகள் கட்டிய கயிற்றிலேயே செத்துக் கிடந்தன. அவள் அழவில்லை. அப்பாவோடு பேசுவதைத்தான் நிறுத்திக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்த பிறகு, வேலிக் கருவேல மரங்களில் வைக்கோலும் சாக்குக் கிழிசலும் அம்மாவின் இடுப்பு உயரத்தில் தொங்கின. கோடையில் வீட்டை விற்க முடிவானது. ஆள் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அப்பா சுவரில் படிந்த கறையின் மேல் சுண்ணாம்பு அடித்தார். மரங்களில் தொங்கியதை எல்லாம் எங்களைப் பிய்த்தெடுக்கச் சொன்னார். விருந்தாளி வருகிறார்கள் என்று நானும் உற்சாகமாகப் பிய்த்தேன்.

வந்தவர்களுக்கு அப்பா மோட்டாரைப் போட்டுக் காட்டினார். அவர்கள் பிள்ளை கைதட்டியது. பிள்ளையின் தாய் அம்மாவிடம், "ஓடத் தண்ணி உள்ள வருமாக்கா?" என்று கேட்டாள்.

அம்மா வாயைத் திறப்பதற்குள், "இந்த ஊர்லயா?" என்று சிரித்தார் அப்பா.

அம்மா மோர் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்து கொடுத்தபோது அந்தப் பெண்ணை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது அம்மா வேலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாம வந்தப்பவும் இந்த மரமெல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

முன்பிருந்தவர்கள் வீட்டைத் துப்புரவாக வைத்திருந்ததை மெச்சுகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.