வெயில் சமைத்த சோறு

அப்பாவின் இருமலுக்கு அடுப்புப் புகைதான் காரணம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அதனால்தான் நான் ஐந்தாவது முடித்த கோடை விடுமுறையில், பெரம்பலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா, பஸ் கூரையில் ஒரு சூரிய அடுப்பை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். டிரங்குப் பெட்டி மாதிரி இருந்தது. உள்ளே கறுப்புப் பாத்திரங்கள், மேலே கண்ணாடி, தூக்கி நிறுத்திய மூடியில் முகம் பார்க்கும் கண்ணாடி.

“இதுக்குப் பேரு மாற்று எரிசக்தி அண்ணி. வெறகு, கரியெல்லாம் எரிக்க எரிக்கத் தீந்துரும். வெயிலு, காத்து, சாணி கேஸு இதெல்லாம் தீராது. வெறகுக்குப் பதிலா இது.”

“பொகை வராதுல்ல? அது போதும்” என்றாள் அம்மா.

அடுப்பு கொல்லைக்குப் போனது. வெயில் நகர நகர அதைத் திருப்பி வைப்பதும் கண்ணாடியைத் துடைப்பதும் என் வேலை. தூசி படிந்தால் சோறு வேகாது என்று சித்தப்பா பயமுறுத்தியிருந்தார். எங்கள் வீடு சிமெண்ட் ஆலைக்குப் போகும் சாலையில் இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனால் போதும், கண்ணாடி வெளுத்துவிடும். துடைத்துவிட்டு உட்கார்வேன். மூடியிலிருந்து தெறித்த வெளிச்சம் சுவரில் மெல்ல அசையும். அதைப் பார்த்தபடி பாதித் தூக்கத்தில் மிதப்பேன். மேகம் வந்தால் கொல்லை முழுக்கக் கண்ணை மூடிக்கொள்ளும். அது விலகியதும் உள்ளே அரிசி முனகுவது எனக்கு மட்டும் கேட்கும். வெயில் என் பேச்சைக் கேட்கிறது என்றே நம்பினேன்.

அந்த ஆலையில் சிமெண்டை மூட்டையில் பிடிக்கும் அப்பா, ஷிப்டு முடிந்து வந்து அந்தச் சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். “எம்மவ வெயில்லயே சோறாக்கிட்டாளே!” என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

“பழைய பொகை வெளிய போவணும்ல, கொஞ்ச நாளாவும்” என்றாள் அம்மா.

விடுமுறை முடியப்போகும் நேரத்திலும் இருமல் நிற்கவில்லை. நான் துடைப்பதில்தான் குறை என்று எனக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். ஒரு மாலை வாளியில் துணியை அலசியபோது தண்ணீர் கஞ்சியாக வெளுத்தது. பக்கத்தில் அம்மா அப்பாவின் வேலைச் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். அந்த வாளியிலும் அதே தண்ணீர். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“போதும். நீ துடைச்சது போதும், போ.”

நான் சரியாகத் துடைக்கவில்லை என்றுதான் அம்மாவுக்குக் கோபம் என நினைத்து, அன்று இரவு முழுக்க அழுதேன்.