பூஜைக்கு ஓடிய பின்சக்கரம்

எங்கள் முந்திரித் தோப்புக்கென்று பழைய ஏடிவி ஒன்று வாங்கியிருந்தோம். குண்டுச் சக்கரம் நான்கு கொண்ட அந்த வண்டிக்கு அது முதல் ஆயுத பூஜை. பக்தி முற்றிப்போய், பின்சக்கரங்களைக் கழற்றிக் கழுவி, நட்டு உட்காரும் இடத்தில்கூடச் சந்தனத்தை அப்பி மாட்டினேன்.

பூஜை முடிந்ததும், தெரிந்தவர்களுக்குக் கொடுக்கப் பொரித்தட்டோடு என் மனைவி செல்வி பின்னால் ஏறினாள். வடக்குத்து ஊர்ச் சாலையில் திடீரென்று கத்தினாள். "ஏங்க, நம்ம சக்கரம் மாதிரியே ஒண்ணு முன்னால ஓடிகினு இருக்குது!"

"யாரு வண்டியோ, பாவம்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, வண்டி வலப்பக்கம் சரிந்தது. சாலையெங்கும் பொரி. எதிரே வேலையாட்களை ஏற்றி வரும் ஷிப்ட் பஸ். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் ஓடிவந்து, நடுச்சாலையில் நின்று பஸ்ஸை நிறுத்தினார்.

எங்களுக்குச் சிராய்ப்புகூட இல்லை. சக்கரம் ஆட்டோக்காரர்களின் பூஜைக்குள் போய் விழுந்திருந்தது. அதைப் பொட்டும் மாலையுமாக உருட்டி வந்தார், பஸ்ஸை நிறுத்தியவர்.

"தானா பூஜைக்கு வந்துச்சுங்க, சும்மா அனுப்ப மனசு வரல."

காய்ந்த சந்தனம் உதிர்ந்துதான் நட்டு தளர்ந்திருக்கிறது. பஸ்ஸில் வந்தவர்களும் இறங்கி, சிரித்துக்கொண்டே நட்டுகளைத் தேடிக் கொடுத்தார்கள்.

இப்போதெல்லாம் எங்கள் முதல் பொரிப் பொட்டலம் அந்த ஸ்டாண்டுக்குத்தான். சந்தனம் குழைப்பதும் நான்தான். ஆனால் கடைசி நட்டை இறுக்கி முடிக்கும்வரை கிண்ணம் செல்வியின் கையில் இருக்கும்.