ரொட்டிக்காரர் தூங்கிய பிறகு

படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கண்ணாடிக்காரர் பக்கத்து இருக்கைப் பக்கம் சாய்ந்து கிசுகிசுப்பார்: “அந்த உயரமானவன் செத்துடுவான், பாரு.”

“சும்மா இரு. இப்பத்தான் சிரிச்சுப் பேசவே ஆரம்பிச்சிருக்கானுங்க,” என்பார் ரொட்டிக்காரர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அன்று மதியக் காட்சியைக் கண்ணாடிக்காரர் தவறவிடுவதில்லை. அதிலும், ஓர் ஆண் இன்னோர் ஆணை நேசிப்பது குற்றமாக இருந்த காலத்தைப் பற்றிய படமென்றால் வரிசையில் முதல் ஆள் அவர்தான். அந்தப் படங்களின் சங்கதியெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருவர் ஜன்னலோரம் நிற்பார். வெளியே மழை கொட்டும். மேசைக்கடியில் விரல்கள் தொட்டுக்கொள்ளும். உடனே எவராவது கதவைத் தட்டுவார். பிறகு ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு இருமல். “இருமிட்டான்ல, கதை முடிஞ்சது,” என்று உச்சுக்கொட்டுவார். நடுநடுவே தொழில்புத்தி வேறு எட்டிப்பார்க்கும். “அந்தக் காலத்துல ஏதுய்யா இந்தக் கண்ணாடி பிரேமு?” என்று திரையை முறைப்பார்.

படம் எடுப்பவர்கள்மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. “பயந்தாங்க, சரி. ஒளிஞ்சாங்க, அதுவும் சரி. ஒரு தடவைகூடவா சிரிக்கல? மாட்டிக்காம தப்பிச்சா எப்படிச் சிரிப்பு வரும்னு இவங்களுக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியும். வாலிபத்தில் அவர் வாடகை அறையில் இருந்தபோது ஒருநாள் வீட்டுக்காரம்மா திடுதிப்பென்று வந்து நின்றார். ரொட்டிக்காரர் துணி அலமாரிக்குள் பாய்ந்தார். தலையில் ஒட்டியிருந்த மாவு மூக்கிலேறி, உள்ளேயிருந்து பலத்த தும்மல்.

“என்னப்பா, அலமாரி தும்முது?”

“பழைய மரம்மா. வெயிலுக்கு அப்படித்தான் சத்தம் போடும்.”

“தச்சரை வரச் சொல்றேன்,” என்று அந்தம்மா அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். மாட்டியிருந்தால் அறையும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். இருவரும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவர் ரொட்டிக்காரர். இடைவேளைக்குமேல் அவருக்குக் கண் தாங்காது. தலை மெல்லச் சரிந்து கண்ணாடிக்காரரின் தோளுக்கு வந்துவிடும். அதனால் அந்தப் படங்களில் ஒருவர்கூடச் செத்து அவர் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அப்புறம் என்ன ஆச்சு?” என்பார். கண்ணாடிக்காரர் ஈரக் கைக்குட்டையைப் பைக்குள் திணித்துவிட்டுக் கூசாமல் புளுகுவார். ஜெயிலுக்குப் போனவன் வெளியே வந்து தையல் கடை வைப்பான். இருமினவன் மலைக்காற்றில் தேறிக் குண்டாகிவிடுவான். “நல்ல படம்,” என்று ரொட்டிக்காரர் திருப்தியாகத் தலையாட்டுவார்.

போன மாதம், தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று கண்ணாடிக்காரரின் அக்கா தம்பியிடம் வந்து தங்கினார். கடைக்கு மேல் உள்ள வீட்டில் தம்பியோடு ஒரு சிநேகிதர் குடியிருக்கிறார் என்ற அளவுக்குத்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதற்குமேல் தம்பி சொன்னதில்லை, அக்கா கேட்டதுமில்லை. ஊரே ஒன்றுகூடி ஏசினாலும் அசையாத கண்ணாடிக்காரருக்கு அக்காவின் முகம் சுண்டினால் தாங்காது.

அந்த வாரப் படத்தின் சுவரொட்டியில் இரண்டு ஆண்களும் ஒரு குதிரையும் இருந்தார்கள். “குதிரைப் படமா? நானும் வர்றேன்டா.”

கண்ணாடிக்காரர் தலைவலி என்று சொல்லிப்பார்த்தார். டிக்கெட் கிடைக்காது என்றார். “குதிரை கொஞ்ச நேரந்தான்கா வரும்,” என்றுகூடச் சொன்னார். அதற்குள் ரொட்டிக்காரர், “வாங்கக்கா,” என்று மூன்று டிக்கெட்டோடு வந்து நின்றார்.

படத்தில் ஊர் வாத்தியாரும் குதிரை லாயத்தில் வேலை செய்பவனும். சேணத்தைத் தூக்கும்போது இருவர் கையும் ஒன்றன்மேல் ஒன்று பட்டு, எடுக்கப்படாமல் அப்படியே இருந்தன. அக்கா சோளப்பொரி மெல்வதை நிறுத்தினார். நடுவில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. இடைவேளை முடிந்ததும் வழக்கம்போல் இன்னொரு பக்கத்திலிருந்து தலை ஒன்று வந்து தோளில் சாய்ந்தது. தோளைக் குலுக்கித் தள்ளினார். போன வேகத்தில் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார். இந்த முறை குறட்டையோடு வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தார். தோளைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கடைசியில் லாயக்காரன் துரத்துகிறவர்களிடமிருந்து தப்ப வெள்ளத்தில் இறங்கி முங்கிப்போனான். அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி அக்கா மூக்கைச் சிந்தினார்.

வாசலில் வெயிலில் கண் கூசியது. ரொட்டிக்காரர் சோம்பல் முறித்தார். “நடுவுல ஒரு தடவை முழிச்சுப் பாத்தேன், ஆத்தங்கரை வரைக்கும் ஓடினானே, அப்புறம் என்ன ஆச்சு?”

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அக்கா முன்னால் புளுகு வரவில்லை. காற்றுதான் வந்தது.

அக்கா தம்பியின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

“நீந்திக் கரையேறிட்டான்,” என்றார்.

“அப்பாடா!”

“அங்க வாத்தியாரு துண்டோட நின்னுட்டிருந்தாரு. ‘இப்படியாடா நனைவ’ன்னு நல்லாத் திட்டித் தலையைத் துவட்டிவிட்டாரு.”

“அப்புறம்க்கா?”

“அப்புறமென்ன, தூரமாப் போய் ஒரு வீடு பாத்தாங்க. கீழ கடை, மேல வீடு. ஒருத்தன் குறட்டை விடுவான், இன்னொருத்தன் பொறுத்துக்குவான்.”

“குதிரை?”

அக்கா திணறினார். “குதிரை... மாடியேற மாட்டேன்னுடுச்சு.”

கண்ணாடிக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பீறிட்டது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, எதிரே இருந்த தெருவே தெரியவில்லை. எதற்கென்று புரியாமலே ரொட்டிக்காரரும் சேர்ந்துகொண்டார். அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

சிரித்து ஓய்ந்து மூவரும் நடக்கத் தொடங்கினார்கள். இருவருக்கும் நடுவில் வந்துகொண்டிருந்த அக்கா சட்டென்று நின்றார். ஓரடி பின்வாங்கி, இரண்டு முதுகிலும் ஆளுக்கொரு கையை வைத்து, அவர்களை ஒருசேர முன்னால் தள்ளிவிட்டார்.