கீப்பர் போன பிறகு

மாத்தளை டவுன் டீமில் புதுப் பந்து வருஷக்கணக்காக என் கையில்தான் இருந்தது. கொக்கோ கிட்டங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிரிக்கெட். எனக்குப் பெரிய வேகமெல்லாம் கிடையாது. பிட்சில் விரித்த கயிற்றுப் பாயில் விழுந்த பந்து கடைசி நேரத்தில் கொஞ்சம் வெளியே விலகும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தை விக்கெட்டாக மாற்றியவன் எங்கள் கீப்பர். கிட்டங்கியில் என்னோடு மூட்டை தூக்கியவன், தொழிலாளர் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரன்.

ஸ்டம்பை ஒட்டி நிற்பான். கையுறையை லேசாக விரித்துக் காட்டுவான். நான் அதற்குத்தான் போடுவேன். மட்டை பிடித்து நிற்பவன் யாரென்றுகூடப் பல நேரம் பார்த்ததில்லை.

இலங்கை இந்திய ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்புகிறவர்கள் பட்டியலில் இருந்த அவன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. மாத்தளை ஸ்டேஷனில் தகரப் பெட்டிகளை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.

"லெக் பக்கம் போட்டு அடி வாங்காத மச்சான்" என்றான்.

"அங்க போயி யாருக்குடா கீப் பண்ணுவ?"

பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ரயில் புறப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு என் பந்து என் பேச்சைக் கேட்கவில்லை. மேட்சுக்கு மேட்ச் லெக் பக்கமாகவே போனது. அடித்தார்கள். எப்போதாவது மட்டை நுனியில் உரசினாலும் கீப்பருக்கு முன்னாலேயே தரையில் விழுந்தது. வயது நாற்பதை நெருங்குகிறது, தோள் தேய்ந்துவிட்டது என்று டீமில் பேச்சு. தோளில் ஒரு வலியும் இல்லையென்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை கேப்டன் கிட்டங்கிக்கே வந்துவிட்டார். டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானா.

"ஞாயித்துக்கெழம ரத்தோட்டைக்காரங்களோட மெட்ச். புதுப் பந்து ஒங்களுக்குத்தான். ஆனா ஒங்களுக்குப் பதிலா போட கண்டியில இருந்து வந்த ஆளையும் ரெடியா வச்சிருக்கேன். மனசுல வச்சிக்காதீங்க."

"சரி நானா."

அன்று பின்னேரம் வேலை முடிந்து, கிட்டங்கிச் சுவரில் கரியால் ஒரு வட்டம் போட்டு அதற்குப் பந்து போட்டுப் பார்த்தேன். பட்டது, மறுபடியும் பட்டது. ஆனால் சுவர் "அப்பிடித்தான் மச்சான்" என்று சொல்லாதே. இருட்டும் முன்பே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு மேட்சில் என் முதல் ஓவரிலேயே இரண்டு பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. நானா கண்டிக்காரரைப் பார்த்தார். அப்போது புதுக் கீப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தான். பஸ் கண்டக்டர், சிங்களவன். பல வாரமாக ஒன்றாக விளையாடியும் அவனிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அய்யே, நான் எங்க நிக்கணும்? யாருமே சொல்லல" என்று என்னை அண்ணனாக்கிச் சிங்களத்தில் கேட்டான்.

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. இத்தனை நாளும் நான்தான் வழி தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவனோ என் பந்து எங்கே வரும் என்று தெரியாமல், பயந்து பயந்து பின்னால் தள்ளி நின்றிருக்கிறான். ஸ்டம்பிடம் கூட்டிக்கொண்டு போய், தம்பியென்று அவன் மொழியிலேயே கூப்பிட்டு இடத்தைக் காட்டினேன். "இங்க நில்லுங்க மல்லி. கைய வெளிப் பக்கமா வைங்க. நான் அதுக்குப் போடுறேன்."

என் அடுத்த ஓவரில் பந்து விழுந்து விலகியது. மட்டை நுனியில் சின்னச் சத்தம். கண்டக்டரின் கைக்குள் இருந்தது பந்து. அவன் துள்ளிக் குதித்தான். நானும் சிரித்துக்கொண்டே ஓடினேன். ஆனால் பாதி வழியில் என் வாய் பழைய கீப்பரின் பெயரைத்தான் கூப்பிட்டது. கண்டக்டருக்குக் கேட்டிருக்கும். வந்து என் முதுகில் தட்டினான்.

மேட்சில் தோற்றோம். ஆனால் நானா என்னைக் கடைசிவரை மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "எத்தன விக்கெட்டுங்க?"

"ஒண்ணு."

"அவரு இங்க இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு."

"ஒண்ணுதானான்னு திட்டியிருப்பான்" என்றேன். அவனை இந்தியாவில் எந்த ஊரில் இறக்கிவிட்டார்களோ, அங்கே மைதானம் இருக்கிறதோ இல்லையோ. கால் கழுவப் பீலிக் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.