ஹெல்மெட் போட்ட அரிசிப் பை

மூன்று வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்தில், நாங்கள் இருக்கும் வைலே நகரில் நடந்தது இது. டென்மார்க் தட்டையான நாடு என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் ஒருமுறை கீழே கடற்பக்கத்திலிருந்து எங்கள் வீடு வரைக்கும் நடந்து ஏறிப் பார்க்க வேண்டும். எங்கள் ஃபிளாட் மேட்டின் உச்சியில் இருக்கிறது. கடை, ரயில் நிலையம், வேலைத்தலங்கள் எல்லாம் கீழே.

கல்யாணம் செய்து யாழ்ப்பாணத்திலிருந்து நான் இங்கே வந்து அப்போது நான்கு வருடம். மகளுக்கு ஒன்றரை வயது. கணவருக்குத் தொழிற்சாலையில் அதிகாலை வேலை. ஐந்தரைக்கே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் டேனிஷ் படித்து, பரீட்சை எழுதி, முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்து, இடமும் கிடைத்திருந்தது. நவம்பரில், நகருக்குள் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் தொடங்க வேண்டும். காலை ஏழு மணிக்கு உடுப்பு மாற்றி நிற்க வேண்டும். மகளுக்கும் கீழேதான் வுகஸ்டூ, அதாவது மழலைகள் காப்பகம். அது ஆறரைக்குத் திறக்கும்.

அந்த அரை மணித்தியாலம்தான் பிரச்சினை. பஸ் மாறிப் போனால் ஏழு மணி தாண்டிவிடும். தள்ளுவண்டியில் வைத்து நடந்தாலும் சரிவராது. சைக்கிள் என்றால் பன்னிரண்டு நிமிடத்தில் காப்பகம், அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் வேலை. எத்தனை விதமாக யோசித்தாலும் வேறு வழி இல்லை. சைக்கிள் இல்லையென்றால் அந்தப் பயிற்சி இடம் இல்லை.

எனக்கு அதில் கவலையே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வளர்ந்த ஆளுக்கு வேறொருவர் சைக்கிள் பழக்க வேண்டுமா? ரியூஷனுக்கும் கம்பஸுக்கும் மழையில், சேற்றில், பின் கரியரில் சிநேகிதியை ஏற்றிக்கொண்டு ஓடியவள் நான். பழைய சைக்கிள் ஒன்று வாங்கினோம். பின்னால் குழந்தை இருக்கை பூட்டினோம். வலது பக்கமாக ஓடுவது, நிறுத்துமுன் கையை உயர்த்திக் காட்டுவது எல்லாவற்றையும் பாடமாக்கினேன்.

ஒன்றைத் தவிர. இங்கே பல சைக்கிள்களில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின் சில்லு அப்படியே பிடித்துவிடும். கைப்பிரேக்கோடு அதுவும் ஒரு பிரேக். எங்கள் ஊர்ச் சைக்கிள் அப்படியில்லை. இறக்கத்தில் போகும்போது பெடலைச் சும்மா பின்னுக்குச் சுற்றிக்கொண்டே போவோம், சங்கிலி டிக் டிக் என்று சத்தம் போடும். எல்லோருக்கும் அது ஒரு பழக்கம். கார் நிறுத்துமிடத்தில் முதல் நாள் ஓடிப் பார்த்தபோதே இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்துவிட்டது. கணவர் சிரித்தார், நானும் சிரித்தேன். எனக்கு விளங்கியது. என் காலுக்கு விளங்கவில்லை.

காப்பகத்தில் புதுப் பிள்ளையை உடனே முழுநாளும் விடமாட்டார்கள். முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி என்று இரண்டு கிழமை பழக்குவார்கள். அந்த நாட்களில் ஒரு காலை, ஒன்பது மணியிருக்கும், மகளைப் பின்னால் இருத்தி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மழை. பாதை முழுக்க ஈர இலைகள். பாதி வழியில் ஒரு வளைவு. பின்னால் யாரோ மணியடித்தார்கள். பதறிப்போய் வலப்பக்கம் ஒதுங்கினேன். ஒதுங்கும்போது என் கால்கள், நான் சொல்லாமலே, பெடலைப் பின்னுக்குச் சுற்றின.

சில்லு இறுகி, சைக்கிள் பக்கவாட்டில் இழுபட்டு, இருவரும் நிலத்தில்.

மகள் ஒரு கணம் சத்தமே போடவில்லை. அந்த ஒரு கணத்தை இன்றைக்கும் என்னால் எழுத முடியவில்லை. பிறகு வீரிட்டு அழுதாள். மணியடித்த பெண் என் வயதுதான் இருப்பாள். முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு பிள்ளைகளோடு வந்தவள், இறங்கி ஓடிவந்து பட்டியைக் கழற்றி மகளை வெளியே எடுத்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள். சுத்தமான விரலால் வாயைத் திறந்து பார்த்தாள்.

"பல்லெல்லாம் இருக்கிறது" என்றாள் டேனிஷில். "நாடியில் மட்டும், உதட்டுக்குக் கீழே, உரசல். இந்த வளைவில் நானும் விழுந்திருக்கிறேன். இரண்டு தரம்."

ஆறுதல் சொல்லவும் இல்லை, ஏசவும் இல்லை. சைக்கிளை நிமிர்த்தி, கைப்பிரேக் இரண்டையும் அமத்திப் பார்த்து, "இவை நன்றாகத்தானே பிடிக்கின்றன, ஏன் பாவிக்கவில்லை?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மிச்சத் தூரம் மகளை இடுப்பில் வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நடக்கும்போது மனதுக்குள் ஒரு பொய் தயாராகிக்கொண்டிருந்தது. பிள்ளையின் முகத்தில் காயத்தைக் கண்டால் காப்பகத்தில் நகரசபைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் விசாரணைக்கு வருவார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுப் படியில் தடுக்கி விழுந்தாள் என்று சொல்லலாமா? கதவடியில் நிற்கும்வரை அதுதான் யோசனை. உள்ளே போனதும் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

அங்கே வேலை செய்யும் பெண் இரண்டு கேள்விகள்தான் கேட்டாள். ஹெல்மெட் போட்டிருந்தாளா? பட்டி பூட்டியிருந்ததா? இரண்டுக்கும் ஓம். குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினாள். பிறகு என் காற்சட்டையைக் காட்டி, "முழங்காலில் இரத்தம் வருகிறதே, முதலில் இரு" என்று என்னைப் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் இருத்தி மருந்து போட்டாள். அந்தக் கதிரையில் இருந்துதான் நான் அழுதேன்.

கணவர் மாலையில் மகளின் நாடியைப் பார்த்தார். கருவிப் பெட்டியை எடுத்து, குழந்தை இருக்கையைக் கழற்றி, நிலவறையில் எங்கள் சாமான்களோடு வைத்துவிட்டு வந்தார்.

"ரெண்டு வருசம் பொறுத்துக்கொள்ளும்" என்றார். "பிள்ளை கொஞ்சம் வளரட்டும். படிப்பு எங்கையும் ஓடிப்போகாது."

தலைநகருக்குப் பக்கத்தில், டோஸ்ட்ருப்பில் இருக்கும் அவருடைய அக்காவுக்கும் செய்தி போய்விட்டது. மச்சாள் போனில் வந்தா. "உமக்குப் பிள்ளை பெரிசோ, சைக்கிள் பெரிசோ? இஞ்சை எத்தினை பேர் வீட்டிலை இருந்து பிள்ளை வளர்க்கினம். அவையள் எல்லாரும் படிக்காத ஆக்களே?"

நான் "ஓம் மச்சாள், ஓம் மச்சாள்" என்றேன். என் சுபாவம் அது. யார் எதைச் சொன்னாலும் அதில் நியாயம் இருக்குமோ என்று முதலில் யோசிப்பேன். பயிற்சிக் கல்லூரிக்கு, இப்போது என்னால் சேர முடியாது என்று ஒரு மின்னஞ்சலும் எழுதினேன். அனுப்பவில்லை. எழுத்துப்பிழை இருக்குமோ என்று மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கும்போது, பிழை எழுத்தில் இல்லை என்று பட்டது.

நான் விழுந்தது பிள்ளை இருந்ததாலா? இல்லை. என் கால் பழைய பழக்கத்தை விடாததால். அப்படியென்றால் காலைப் பழக்க வேண்டும். பின்னால் பாரம் இருக்கும்போது, அதே இறக்கத்தில், அதே வளைவில் பழக்க வேண்டும். ஆனால் பிள்ளையை வைத்துப் பழக முடியாது.

அடுத்த நாள், அதற்குள் மத்தியானம் வரை இருக்கப் பழகியிருந்த மகளைத் தள்ளுவண்டியில் காப்பகத்தில் விட்டுவிட்டு, மேடேறி வீட்டுக்கு வந்து, குசினிக்குள் நின்றேன். மூலையில் பத்துக் கிலோ சம்பா அரிசிப் பை, உடைக்காமல் இருந்தது. மகளின் நிறை பதினொரு கிலோ. ஒரு கிலோ மைசூர்ப் பருப்பையும் எடுத்தேன்.

நிலவறையில் இருந்து இருக்கையைக் கொண்டுவந்து பூட்டினேன். அரிசிப் பையை நிமிர்த்தி இருத்தி, பட்டி போட்டு, மடியில் பருப்பை வைத்துக் கட்டினேன். பை மேலே ஆடியது. மகளின் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக் கட்டினேன், நின்றது. என்னைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் இறங்கினேன்.

முதல் தரம் வளைவில் கால் பின்னுக்குத்தான் போனது. கைப்பிரேக்கால் சமாளித்தேன். இரண்டாம் தரமும் அப்படியே. மேலே தள்ளிக்கொண்டு ஏறுவது, கீழே இறங்குவது. அன்றைக்கு ஐந்து தரம். அடுத்த நாள் எட்டு. மழைக்குள்ளும் போனேன், அரிசிக்கு மகளின் மழைக்கோட்டைப் போட்டு. மூன்றாம் நாள் அந்தப் பெட்டிச் சைக்கிள்காரி எதிரே வந்தாள். வேகத்தைக் குறைத்து என் பின்னால் இருப்பதை எட்டிப் பார்த்தாள்.

"இன்றைக்குக் குழந்தை அழவே இல்லையே!" என்றாள். சிரித்துச் சிரித்து அவளுடைய சைக்கிள் ஆடியது. நானும் சிரித்தேன். விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் முதற் சிரிப்பு.

டேனிஷ்காரர் சிரித்தால் பரவாயில்லை. நான்காம் நாள், பஸ் ஓட்டும் எங்கள் ஊர் அண்ணை ஒருவர் என்னைக் கண்டுவிட்டார். மாலை கணவர் வேலையால் வரும்போதே முகம் சிவந்திருந்தது.

"உமக்கென்ன விசரே? அண்ணை போன் எடுத்துக் கேக்கிறார், தங்கச்சி அரிசிக்கு ஊர் சுத்திக் காட்டுறாவோ எண்டு. கேட்டதும் எனக்கு எங்கை முகத்தை வைக்கிறதெண்டு தெரியேல்லை."

"நாலு நாளிலை இருவத்தேழு தரம் இறங்கியிருக்கிறன்" என்றேன். "அரிசி ஒருக்காலும் விழேல்லை."

"அரிசி விழுந்தால் கூட்டி அள்ளலாம். பிள்ளை விழுந்தால்?"

அந்தக் கேள்விக்கு எப்போதும் வாயடைத்துப் போகிறவள் நான். அன்றைக்கு ஏனோ போகவில்லை.

"போன மாசி, பனியிலை காரைக் கொண்டுபோய் வேலியிலை இடிச்சனீங்கள். பின் சீற்றிலை பிள்ளை இருந்தது. அண்டைக்கு நான் கார்த் திறப்பை எடுத்து ஒளிச்சு வைச்சனானோ? அக்கா போன் எடுத்து, ரெண்டு வருசம் கார் ஓடாதை எண்டு சொன்னவவோ? பனிக்கு ரயரை மாத்தச் சொல்லிச்சினம், மாத்தினீங்கள், அடுத்த நாளே ஓடினீங்கள். உங்களுக்கு ரயர். எனக்குக் கால். நானும் மாத்திப்போட்டன்."

மகள் வந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள், தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போனார். நான் கைத்தொலைபேசியை எடுத்து அந்த மின்னஞ்சலை அழித்தேன். தைரியத்தோடு செய்தேன் என்று சொன்னால் அது பொய். நாளைக்கு ஏதாவது நடந்தால் எல்லோரும் சேர்ந்து "சொன்னோமே" என்பார்கள், நானும் என்னை மன்னிக்கமாட்டேன் என்று தெரிந்துகொண்டுதான் அழித்தேன்.

அடுத்த நாள் மச்சாளின் போன் வந்தது. இந்த முறை "ஓம் மச்சாள்" என்று நான் சொல்லவில்லை. "நவம்பரிலை தொடங்கிறன் மச்சாள்" என்றேன். மச்சாள் என்ன தேதி என்று கேட்டா. பிறகு, "பிள்ளைக்குக் காதுக்குக் குளிராமல் தொப்பி போடும்" என்றா.

பயிற்சி தொடங்கிய நாள் காலை, ஆறு மணி தாண்டியதும் மகளைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். கணவர் ஐந்தரைக்கே போய்விட்டார். என் சைக்கிள் கட்டடத்தின் கூரைக்குக் கீழ் நின்றது. இருக்கையின் ஆணிகளை இன்னொருமுறை இறுக்கிப் பார்க்கப் போனேன். அசையவில்லை, என்னைவிடப் பலமான கை ஒன்று ஏற்கனவே இறுக்கியிருந்தது. பின்னால் புதிதாக ஒரு சிவப்பு விளக்கும் பூட்டியிருந்தது. அவர் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும்: அந்த விளக்கு இல்லாவிட்டாலும் நான் போயிருப்பேன்.

வளைவு வந்தது. இலைகள் அழுகிக் கிடந்தன. இரண்டு கையாலும் பிரேக்கை மெல்ல அமத்தினேன். கால்கள் பெடலில் ஆடாமல் நின்றன. திரும்பிவிட்டோம். கீழே விளக்குகளும், தூரத்தில் கருநீலமாகக் கடலும் தெரிந்தன. பின்னாலிருந்து மகள் கத்தினாள்:

"இகென்! இகென்!"

திரும்பவும் வேண்டுமாம். காப்பகத்தில் படித்த முதற் சொற்களில் ஒன்று.

"நாளைக்குச் செல்லம்" என்றேன். ஏழுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது முதியோர் இல்லத்தில் உடுப்பு மாற்றி நின்றேன்.

இப்போது படிப்பு முடிந்து அதே இல்லத்தில் நிரந்தர வேலை. மகள் தன்னுடைய சின்னச் சைக்கிளை ஓட்டுகிறாள். பெடலைப் பின்னுக்கு மிதித்து, சில்லை இழுத்து நிற்பாட்டிக் காட்டி என்னைப் பயப்படுத்துவது அவளுக்கு விளையாட்டு. அந்த வளைவில் என் நெஞ்சு இன்றைக்கும் ஒருமுறை அடித்துக்கொள்ளும். நான் செய்தது சரிதானா என்ற கேள்வியும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் "பிள்ளையை வைத்துக்கொண்டு உம்மால் ஏலாது" என்று யாராவது சொன்னால், முன்போல உடனே தலையாட்டுவதில்லை. குசினிக்குள் போய் அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்து, அந்த வேலையை முதலில் எதை வைத்துப் பழகலாம் என்றுதான் யோசிக்கிறேன்.