அம்மா திறந்து பார்த்த டிராக்டர்

அப்பாவின் கால்மேல் கலப்பை விழுந்தபோது டிராக்டரின் இருக்கையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எட்டு வயது. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே எங்கள் வயல். சின்ன டிராக்டர்தான், பின்னால் அஞ்சு கொத்துக் கலப்பை. எஞ்சினை நிறுத்திவிட்டு, தூக்கி நின்ற கலப்பையில் சுற்றிய கோரையை அப்பா குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். பொத்தென்று ஒரு சத்தம். பிறகு அப்பாவின் அலறல்.

பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டோடு அப்பா வீட்டுக்கு வந்த அன்று பெரியப்பா கட்டிலருகே நின்று சொன்னார்: “ஏலே, புள்ளைய வண்டியில ஏத்தி உக்கார வச்சா இப்பிடித்தான் ஆவும். கலப்பைய எறக்குற லிவர்ல கைய வச்சிருப்பா.”

“கலப்பையத் தூக்குற லிப்டே சரியில்லாமத்தான் கெடந்துச்சு, அண்ணே” என்றார் அப்பா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொடவில்லை என்றேன். தொட்டேனா இல்லையா என்பது எனக்கே தெரியவில்லை. இருக்கையில் முழங்காலிட்டுத் திரும்பி அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை எங்கே இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பா படுத்திருந்த அறைப் பக்கம் போவதையும் நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டு வாசலில் நின்ற டிராக்டரைக் கிளப்பினாள். கலப்பையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுக் கரியால் கோடு போட்டாள். யாரும் கிட்டே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். சோறு வடித்துவிட்டு அவள் வரும்போது கலப்பை நாலு விரல் இறங்கியிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தொறந்து பாத்துருவோம்” என்றாள்.

தான் வர பத்து நாள் ஆகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. அதைவிட, “பத்து நாளு இந்தப் புள்ள பட்டினி கெடக்கவா?” என்று அம்மா அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. இதே வண்டியை இதற்கு முன் மெக்கானிக் இரண்டு தடவை பிரித்தபோது, அவர் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் வாங்கி வைத்தவள் அவள்தான்.

கலப்பையைத் தரையில் இறக்கி, ஆயிலை வாளியில் வடித்தாள். போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் பரப்பினாள். இருக்கைக்குக் கீழே இருந்த கனத்த இரும்பு மூடியை வயலில் வேலை பார்க்கும் இருவர் கயிறு கட்டி, கம்பு கொடுத்துத் தூக்கினார்கள். மூடிக்கு அடியில் சிலிண்டர். அதற்குள் கலப்பையைத் தூக்கும் பிஸ்டன். அதைத் தட்டி வெளியே எடுத்தபோது, சுற்றியிருந்த ரப்பர் ரிங் ஓரிடத்தில் அறுந்திருந்தது.

அம்மா கையைக்கூடத் துடைக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து அப்பாவின் அறைக்கு இழுத்துப்போனாள். பெரியப்பாவும் அங்கே இருந்தார்.

“இந்தா பாருங்க. ரிங்கு அறுந்து கெடக்கு. ஆயிலு இது வழியா ஒழுகித்தான் கலப்ப விழுந்திருக்கு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, நல்லா பாத்துக்கோ. இதுதான். நீ இல்ல.”

பெரியப்பா ரிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். “சரிதான்” என்றார். “ரிங்குதான்.”

அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வண்ணார்பேட்டையில் இருந்த டிராக்டர் சாமான் கடைக்கு பஸ் ஏறினாள். “மெக்கானிக்க அனுப்புங்கம்மா, அளவு மாறிட்டுன்னா திருப்பி எடுக்க மாட்டேன்” என்றார் கடைக்காரர். அம்மா பழைய ரிங்கை எடுத்து வைத்தாள். “மாறாது அண்ணாச்சி. ரெண்டா குடுங்க.”

இரண்டாவது தேவைப்பட்டது. முதல் ரிங்கைப் போட்டு, எல்லாம் பூட்டி, கலப்பையைத் தூக்கினால் அது மறுபடியும் இறங்கியது. வேலையாட்கள் முகம் தொங்கிவிட்டது. அம்மா ஸ்பேனரை எடுத்தாள். மறுபடி ஆயிலை வடித்து, மறுபடி மூடியைத் தூக்கி, சிலிண்டரின் வாய் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிசிறு இருந்தது, உள்ளே போகும்போதே அது புது ரிங்கைக் கீறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, ஆயில் தடவி, “பைய, பைய” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிஸ்டனை உள்ளே தள்ளினாள். அதன்பின் காலையில் தூக்கிய கலப்பை சாயங்காலம் வரை நூலளவும் இறங்கவில்லை. அந்தப் பூவுக்கு, அந்தப் போக சாகுபடிக்கு, அம்மாவே உழுதாள்.

கல்லூரியில் படிக்கும்போதுதான் அந்த டிராக்டரை நான் முதன்முதலாக ஓட்டினேன். கலப்பையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, லிவரைத் தொட்டேன். பொத்தென்று விழுந்தது. ரிங் அறுந்தால் கலப்பை அப்படி விழாது. மெல்ல மெல்லத்தான் இறங்கும். குச்சி நட்ட அன்றே அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். அப்பா தினமும் வண்டி ஓட்டியவர். பெரியப்பா அவருக்கும் முன்னால் ஓட்டியவர். அன்று அந்த அறையில் அது தெரியாமல் இருந்தது நான் மட்டும்தான்.